அப்பா 26 ஆண்டுகள் மருந்து அடித்தார். இப்போது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். தொடர்பு உண்டா?

கேட்டவர்: கதிர்மகள்

அப்பாவுக்கு வயது 58. நான்கு மாதங்களுக்கு முன் கழுத்தில் நெறி கட்டியது. சொத்தைப் பல்லால் வந்திருக்கும் என்று விட்டுவிட்டார். வலி இல்லாததால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து அக்குளில் ஒன்று வந்தது. இரவில் போர்வை நனையும்படி வியர்த்தது. இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு இளைத்தார். சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்ததில் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா, அதிலும் பெரிய பி அணு வகை என்று வந்தது. கீமோ தொடங்கி இரண்டு சுற்று முடிந்திருக்கிறது. கட்டி சுருங்குவதாகச் சொல்கிறார்கள்.

அப்பாவுக்குச் சொந்த நிலம் இல்லை. பிறர் நிலங்களில் மருந்து அடிப்பதுதான் அவர் தொழில். பருத்தி, காய்கறித் தோட்டம், பழத்தோட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். முதுகில் 16 லிட்டர் டேங்க். ஒரு நாளில் பதினைந்து முறை, சில நாள் இருபது முறை நிரப்புவார். டேங்கின் மூடி சரியாகப் பொருந்தாது. குனிந்து நிமிரும்போதெல்லாம் முதுகில் ஒழுகும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தெளிமுனை அடைத்துக்கொண்டால் கழற்றி, வாயில் வைத்து ஊதுவார். நான் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். எனக்கு அது தவறாகவே தோன்றியதில்லை.

பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவேன், அப்பா மூடியால் அளந்து மருந்தை ஊற்றுவார், நான் குச்சியால் கலக்குவேன். தண்ணீரில் விழுந்ததும் அது பால் போல வெளுக்கும். அந்த வெளுப்பைப் பார்ப்பதற்காகவே நான்தான் கலக்குவேன் என்று அடம்பிடித்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மருத்துவமனையில் முதல் நாள் அப்பாவிடம் கேட்டார்கள்: புகைப்பழக்கம் உண்டா, மது உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா, வேறு மருந்து ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். "மருந்து" என்று கேட்டபோதுகூட அவருக்கு அந்த மருந்து நினைவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று ஒரே சொல்லை எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து அவருடைய பழைய சட்டையை மடித்து வைக்கும்போதுதான் அந்த வாடை வந்தது. பலமுறை துவைத்த சட்டை அது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. இந்த நோய் அந்த வேலையால் வந்ததா? அதைக் கண்டறிய ஏதேனும் இரத்தப் பரிசோதனை இருக்கிறதா? மருத்துவரிடம் இப்போது போய்ச் சொல்வதால் பயன் உண்டா, இல்லை, சிகிச்சை நடக்கும்போது எதற்கு இந்தப் பேச்சு என்பார்களா? எல்லாவற்றையும்விட முக்கியமானது, என் தம்பி. அப்பா படுத்த பிறகு அதே டேங்கை அவன் தோளில் மாட்டிக்கொண்டு போகிறான். வயது 24. "அப்பாவுக்கு 26 வருடம் ஒன்றும் ஆகவில்லையே" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?


பதில் 1: பழைய கூலியாள்

தங்கச்சி, நான் 14 ஆண்டுகள் இந்த வேலை செய்தேன். விட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. படித்தவன் அல்ல, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

தெளிக்கும்போது மேலே படுவதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். கலக்கும்போது படுவதை யாரும் பேசுவதில்லை. பாட்டிலில் இருப்பது தண்ணீர் சேராத சரக்கு. அது ஒரு சொட்டு கையில் பட்டாலும், கலந்த மருந்து அதைவிடப் பல மடங்கு பட்டதற்குச் சமம். நாங்கள் வெறுங்கையை வாளிக்குள் விட்டே கலக்கியிருக்கிறோம்.

சாயங்காலம் தலை கனக்கும், கண் மங்கும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். வெயில் தாக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு படுத்துவிடுவோம். அது வெயில் இல்லை, விஷம் ஏறியது என்று ஒரு முகாமில் மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாடை போய்விட்டால் மருந்தும் போய்விட்டது என்றும் நம்பிக்கொண்டிருந்தோம். அதுவும் பொய்.

முகத்தில் துண்டு கட்டுவோம். அரை மணியில் துண்டே நனைந்துவிடும். நனைந்த துண்டு வழியாகத்தான் மீதி நாள் முழுக்க மூச்சு விட்டோம். கட்டாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

தம்பியிடம் சொல்: அப்பாவுக்கு 26 வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது, அவருக்கு ஆனதை 26 வருடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான்.


பதில் 2: விதைநேர்த்தி

சகோதரி, உங்கள் அப்பா நலம் பெற வேண்டும். நான் உரம், பூச்சிமருந்து போன்ற இடுபொருள் விற்பனையில் 20 ஆண்டுகளாக இருப்பவன். என் பிழைப்பு அது என்பதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன்.

லிம்போமா வயலே பார்க்காதவர்களுக்கும் வருகிறது. ஆசிரியருக்கு வருகிறது, ஓட்டுநருக்கு வருகிறது. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களில் 1993 முதல் மருந்து தெளிப்பவர்களையும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளையும் சேர்த்து ஏறத்தாழ 89,000 பேரைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். அதில் விவசாயிகளுக்கு ஒட்டுமொத்தப் புற்றுநோய் மற்ற மக்களைவிடக் குறைவாகவே இருந்தது. உலகிலேயே அதிகம் விற்கும் களைக்கொல்லியான கிளைபோசேட்டுக்கும் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2018இல் அதே ஆய்விலிருந்து முடிவு வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் அது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பில்லை என்றே சொல்கிறது.

அளவைப் பின்பற்றி, கையுறை போட்டுத் தெளித்தால் அச்சப்படத் தேவையில்லை என்பது என் கருத்து. நிரூபணம் இல்லாமல் ஒரு பொருளின் மேல் பழி போட்டால் உங்கள் அப்பாவுக்கு மனவேதனைதான் மிஞ்சும்.


பதில் 3: இரவுப்பணி

நான் புற்றுநோய்ப் பிரிவில் 17 ஆண்டுகளாகச் செவிலி. கதிர்மகள், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். "கூலி" என்று ஒற்றைச் சொல்லில் முடிந்த படிவங்களை நானே நூற்றுக்கணக்கில் நிரப்பியிருக்கிறேன். அதனால் இதை எழுதுவது என் கடமை.

முதலில் விதைநேர்த்தி ஐயா சொன்னதற்கு. அவர் சொன்ன எண்கள் சரி. அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் பாதியில் நிற்கிறது. அந்த ஆய்வில் இருந்த விவசாயிகள் மற்றவர்களைவிடக் குறைவாகப் புகைத்தவர்கள், நாள் முழுவதும் உடலுழைப்பில் இருந்தவர்கள். அதனால் நுரையீரல் புற்று போன்றவை அவர்களிடம் நன்றாகக் குறைந்தன, மொத்தக் கணக்கும் இறங்கியது. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் அதே ஆட்களிடம் புராஸ்டேட் புற்றும், இரத்தத்தையும் நிணநீரையும் சார்ந்த சில புற்றுகளும் கூடுதலாகத் தெரிந்தன. இன்னொன்று, அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் உரிமம் பெற்றுத் தெளித்தவர்கள். பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், பயிற்சி எடுத்தவர்கள். ஒழுகும் டேங்கைத் தூக்கிக்கொண்டு ஆள்மாற்றி ஆள் நிலத்துக்குப் போகும் ஒருவர் அந்த 89,000 பேரில் எங்கே இருக்கிறார்? அவரைப் பற்றிய கணக்கே எடுக்கவில்லை. எடுக்காத கணக்கைக் காட்டி ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது.

கிளைபோசேட்டைப் பற்றியும் பேச்சு 2018இல் முடியவில்லை. அந்த ஆய்வையும் வேறு ஆய்வுகளையும் சேர்த்து 2019இல் ஒரு கூட்டுப் பகுப்பாய்வு வந்தது. மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்களிடம் இந்த லிம்போமாவின் ஆபத்து 41 விழுக்காடு கூடுதல் என்று அது கண்டது. அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் உங்கள் அப்பா ஒரே ஒரு களைக்கொல்லியை அடித்தவர் அல்லர். 26 ஆண்டுகளில் எத்தனையோ கைக்கு வந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் லியோனில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2015இல் உறுதியாக வகைப்படுத்தியது. எந்தப் புற்றுநோய்? இதே ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா. அதே ஆண்டில் மாலத்தியான், டயசினான், கிளைபோசேட், டிடிடி ஆகிய நான்கையும் அதற்கு அடுத்த படியான, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்னும் 2ஏ பிரிவில் வைத்தது. இன்னும் பழைய செய்தி ஒன்று: ஆர்சனிக் இல்லாத பூச்சிக்கொல்லிகளைத் தெளிக்கும் தொழிலையே, எந்தப் பொருள் என்று பிரிக்காமல், 1991இலேயே அந்த 2ஏ பிரிவில் வைத்துவிட்டார்கள்.

இந்தப் பிரிவுகளைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பொருளால் புற்றுநோய் உண்டாக முடியுமா என்பதற்கு எவ்வளவு உறுதியான சான்று இருக்கிறது என்பதையே அவை சொல்கின்றன. உங்கள் அப்பாவுக்கு எத்தனை விழுக்காடு ஆபத்து என்பதைச் சொல்லவில்லை. அது எவ்வளவு பட்டது, எத்தனை ஆண்டு பட்டது, எப்படி உள்ளே போனது என்பதைப் பொறுத்தது.

எப்படி உள்ளே போகிறது என்றால், பெரும்பாலும் தோல் வழியாகத்தான். எல்லோரும் மூக்கை மூடுகிறார்கள், தோலை விட்டுவிடுகிறார்கள். 1971இல் வெளியான ஆய்வு ஒன்றில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை மனிதத் தோலின் வெவ்வேறு இடங்களில் தடவி அளந்தார்கள். முன்கையில் சுமார் 9 விழுக்காடு உள்ளே போனது. உள்ளங்கையில் 12. நெற்றியில் 36. அக்குளில் 64. விதைப்பையில் ஏறக்குறைய தடவியது முழுவதும். முதுகில் ஒழுகிய மருந்து இடுப்புக்கு இறங்கி, உள்ளாடையில் ஊறி, சாயங்காலம் வரை அங்கேயே இருக்கிறது என்றால் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். தம்பிக்கு நான் முதலில் சொல்வது முகமூடியைப் பற்றி அல்ல. அந்த டேங்கின் மூடியையும் அதன் வளையத்தையும் இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு நேர்மையான பதில் இது. ஒரு தனி மனிதரின் லிம்போமா இதனால்தான் வந்தது என்று காட்டும் பரிசோதனை கிடையாது. கோலினெஸ்டரேஸ் என்று ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. சில வகைப் பூச்சிக்கொல்லிகள் அண்மையில் உடலில் ஏறியிருந்தால் அது காட்டும். பத்தாண்டுக்கு முன் பட்டதையோ, புற்றுநோய் வருமா என்பதையோ அது சொல்லாது. தம்பிக்கு அது உதவும். மருந்து அடிக்கும் பருவம் தொடங்கும் முன் ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு முறை எடுத்து ஒப்பிட வேண்டும். ஒரு முறை மட்டும் எடுத்தால் அவனுடைய இயல்பான அளவு எது என்றே தெரியாது.

ஆனால் காட்ட முடியாது என்பதும் தொடர்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. பிரான்சில் பூச்சிக்கொல்லியோடு வேலை செய்தவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோயை 2012இலும், ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாவை 2015இலும், புராஸ்டேட் புற்றை 2021இலும் விவசாயத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் கேட்கும் நிபந்தனைகள் பொருந்தினால் போதும். எந்தப் பாட்டில், எந்த நாள் என்று நோயாளி நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இதைச் சட்டமாக எழுத ஒரு நாட்டால் முடிந்திருக்கிறது.

மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த வகை லிம்போமாவுக்கான சிகிச்சை அதனால் மாறாது. பெரிய பி அணு வகை வேகமாக வளரக்கூடியது, ஆனால் சிகிச்சையால் முற்றிலும் குணமாகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை விடாதீர்கள். சொல்லச் சொல்வதற்குக் காரணம் வேறு. கோப்பில் ஏறாத எதையும் பிறகு யாரும் எண்ண மாட்டார்கள். "கூலி" என்று எழுதிய கோப்புகளை ஆயிரக்கணக்கில் புரட்டினாலும் பூச்சிக்கொல்லி என்ற சொல் கிடைக்காது. அப்புறம், சான்று இல்லை என்பார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பயிர், ஆண்டுக்கு எத்தனை நாள், அவரே கலக்கினாரா, கையுறை இருந்ததா, எந்தெந்த மருந்து. பெயர் நினைவில்லாவிட்டால் மூடியின் நிறம், வாடை, பொடியா திரவமா என்று எழுதுங்கள். கீமோவால் அப்பாவுக்கு இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை இறங்கியிருக்கும் நாட்களில் அந்த டேங்கும் தம்பியின் வேலைத் துணியும் வீட்டுக்குள் வரக் கூடாது.

தம்பிக்கு இன்னும் இரண்டு. துணிக் கையுறையும் தோல் கையுறையும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அவை வெறுங்கையைவிட மோசம். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வாங்க வேண்டும், கழற்றும் முன் கையுறையோடு சேர்த்துக் கையைக் கழுவ வேண்டும். அடுத்தது, பாட்டிலில் மண்டையோடு இல்லை என்பதற்காகத் துணிய வேண்டாம். மண்டையோடு உடனே கொல்லும் விஷத்துக்கான குறி. நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போன்ற மனித உருவம் ஒன்று உலகப் பொதுக் குறியீடுகளில் உண்டு. புற்றுநோய் போன்ற நாட்பட்ட கேட்டுக்கான குறி அதுதான். அதை யாரும் தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

நீங்கள் வாளி கலக்கிய ஒன்பது வயதைப் பற்றி நீங்கள் கேள்வியாகக் கேட்கவில்லை. ஆனாலும் எழுதியிருக்கிறீர்கள். சில விடுமுறைகளில் பட்டதும் 26 ஆண்டுகள் நாள்தோறும் பட்டதும் ஒன்றல்ல. அச்சத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உடலில் வலியில்லாத கட்டி ஏதேனும் சில வாரங்களுக்கு மேல் நின்றால் காட்டுங்கள். இது எல்லோருக்கும் பொருந்தும்.


பதில் 4: துவைகல்

என் கணவரும் இதே வேலைதான். 19 ஆண்டுகள் அவருடைய சட்டையைக் கையால் துவைத்திருக்கிறேன். கைக்குழந்தையின் துணியையும் அதே வாளியில் ஊறவைத்திருக்கிறேன். யாரும் எதுவும் சொன்னதில்லை. நாங்கள் மருந்தைத் தொடாதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இனி என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.


பதில் 5: இரவுப்பணி

துவைகல் அம்மா, உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. வேலைத் துணியை வாசலுக்கு வெளியே கழற்றச் சொல்லுங்கள். அன்றன்றே, வீட்டுத் துணியோடு சேர்க்காமல், தனி வாளியில், கையுறை போட்டுக்கொண்டு, முடிந்தால் வெந்நீரில் துவையுங்கள். பிறகு அந்த வாளியையும் அலசுங்கள். கலக்காத மருந்து ஊற்றி நனைந்த துணியைத் துவைக்கவே வேண்டாம், எறிந்துவிடுங்கள். அமெரிக்க ஆய்வில் மனைவிமாரையும் பின்தொடர்ந்தார்கள். மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தாங்களே பயன்படுத்திய பெண்களிடம் மார்பகப் புற்று சற்றுக் கூடுதலாக இருந்தது என்று 2015இல் எழுதினார்கள். துவைப்பதை அது அளக்கவில்லை. என்றாலும் நீங்கள் மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.


பதில் 6: விதைநேர்த்தி

செவிலி அம்மா சொன்னதில் உரிமம் பெற்றவர், கூலிக்கு அடிப்பவர் என்ற வேறுபாட்டை நான் எண்ணிப் பார்த்ததில்லை. என்னிடம் வாங்க வருபவர் நிலத்துக்காரர். அவரிடம்தான் அளவையும் எச்சரிக்கையையும் சொல்கிறேன். அடிப்பவர் என் கடைக்கு வருவதே இல்லை. நாளை முதல் மருந்தோடு நைட்ரைல் கையுறையையும் எடுத்து வைத்து, இது ஆளுக்கு என்று சொல்லியே கொடுப்பேன். வாங்குவார்களா என்று பார்க்கிறேன்.


பதில் 7: கதிர்மகள்

எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது சுற்றுக் கீமோவுக்குப் போனபோது நோட்டைக் கொண்டுபோனேன். சொட்டு இறங்கும் ஐந்து மணி நேரமும் அப்பா பேசிக்கொண்டே இருந்தார். இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆண்டுகளை அவர் எண்ணால் சொல்லவில்லை. நான் பிறந்த வருடம், தம்பிக்கு அம்மை வந்த வருடம், கிணறு வற்றிய வருடம் என்று சொன்னார், நான் கணக்குப் போட்டு எழுதினேன். ஆண்டுக்கு 140 நாட்களுக்குக் குறையாமல் அடித்திருக்கிறார். எல்லா நாளும் அவரேதான் கலக்கியிருக்கிறார். கையுறை ஒரு நாள்கூட இல்லை.

மருத்துவர் நோட்டை வாங்கி முழுவதும் படித்தார். தொழில் என்ற இடத்தில் "கூலி" என்பதை அடித்துவிட்டு, "பூச்சிக்கொல்லி தெளிப்பாளர், 26 ஆண்டுகள்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அப்பா அந்த வரியை என்னிடம் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு முறை.

தம்பி மூடியையும் வளையத்தையும் மாற்றிவிட்டான். கையுறைக்கு நிலத்துக்காரர் பணம் தர மறுத்தார், நான் வாங்கிக் கொடுத்தேன். முகமூடி இன்னும் இல்லை. நான் சொன்னபோது கேட்காதவன், அப்பா படுக்கையிலிருந்து "தெளிமுனையை வாயில் வைக்காதே" என்று சொன்னதும் தலையாட்டினான். வேலையை விடுவதைப் பற்றிப் பேச முடியவில்லை. அப்பாவின் சிகிச்சைச் செலவு அந்தக் கூலியில்தான் நடக்கிறது.

நோட்டில் 11 மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. எட்டின் பெயர் கிடைத்துவிட்டது, அதில் மாலத்தியானும் லிண்டேனும் இருக்கின்றன. மூன்றுக்குப் பெயர் தெரியவில்லை. ஒன்றைப் பற்றி அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: பழுப்பு நிற மருந்து, பூண்டு அழுகியது போன்ற வாடை, தண்ணீரில் விட்டதும் பால் போல வெளுக்கும், பருத்தியில் காய்ப்புழுவுக்கு அடிப்பது, சிவப்பு மூடி, தகர டப்பா. நான் கலக்கியது அதுதான் என்கிறார். பழைய ஆட்கள் யாருக்காவது அதன் பெயர் நினைவிருந்தால் இங்கே எழுதுங்கள். அடுத்த சுற்று வரும் செவ்வாய்க்கிழமை.